வீடியோவில் வெளிச்சம் இருக்கும், தூரம் இருக்காது

ஆனைமலைக்கு மேலே ஒரு வெளிச்சம். பதினைந்து வினாடி வீடியோ. பின்னால் நாலு பேர் பதறுகிற குரல். "மதுரையில் பறக்கும் தட்டு" என்று தலைப்பு. இப்படி ஒன்று வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால் பத்து நிமிடத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். "வேற்றுக்கிரகவாசி வந்துட்டான்" என்று பாதிப் பேர். "அட போங்கண்ணே, அது ட்ரோன்" என்று மீதிப் பேர். இரண்டு தரப்புமே எதையும் சரிபார்த்திருக்காது. எனக்கு வருத்தம் அதிகம் இரண்டாவது தரப்பின் மேல்தான். அறிவியல் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு நேரம், திசை எதையும் கேட்காமல் "ட்ரோன்" என்று முடித்துவைப்பதும் குருட்டு நம்பிக்கைதான்.

வீடியோ எடுத்தவரைப் பொய்யர் என்று ஏசுவதையும் நிறுத்த வேண்டும். மொட்டைமாடியில் நின்று போனை நீட்டியவர் பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறார். அவர் பார்த்த வெளிச்சம் உண்மை. ஆனால் எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் என்று அவர் சொல்லும் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றுக்கும் தூரம் தெரிந்தாக வேண்டும். இருட்டு வானத்தில் ஒற்றைப் புள்ளியின் தூரத்தைக் கண்ணாலும் சொல்ல முடியாது, போன் கேமராவாலும் சொல்ல முடியாது.

கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. ஒரு ஒளி அந்த அகலத்தை 1 வினாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் வினாடிக்கு 1.75 மீட்டர் பறக்கிற பூச்சி. 1 கிலோமீட்டரில் இருந்தால் மணிக்கு 630 கிலோமீட்டர். 10 கிலோமீட்டரில் இருந்தால் மணிக்கு 6,300 கிலோமீட்டர், எந்தப் பயணிகள் விமானமும் எட்டாத வேகம். திரையில் மூன்றுமே ஒரே காட்சி. நம் மனசு எந்தத் தூரத்தைப் போட்டுக்கொள்கிறதோ அதுதான் பூச்சியா, பறக்கும் தட்டா என்பதை முடிவு செய்கிறது.

அமெரிக்கக் கடற்படையின் புகழ்பெற்ற 'கோ ஃபாஸ்ட்' வீடியோவில் நடந்ததும் இதுதான். 2015-இல் போர் விமானத்திலிருந்து எடுத்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கடலை உரசிக்கொண்டு ஏதோ ஒன்று அசுர வேகத்தில் பாய்வதுபோல் தெரியும். ஆனால் அந்தத் திரையிலேயே எண்கள் இருக்கின்றன. விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்த கோணம் 26 டிகிரி. பொருள் வரைக்கும் தூரம் 4.4 கடல் மைல், அதாவது சுமார் 26,700 அடி. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். 26,700-ஐ சைன் 26 டிகிரியால், அதாவது 0.438-ஆல் பெருக்கினால் 11,700 அடி. 25,000-இல் கழித்தால் பொருள் இருக்கும் உயரம் 13,000 அடிக்குக் கொஞ்சம் மேலே. கடல் அதற்கும் வெகு கீழே. நாசா அமைத்த சுயாதீனக் குழு 2023 செப்டம்பர் அறிக்கையில் வேகத்தையும் கணக்கிட்டது: மணிக்குச் சுமார் 40 மைல், நம் கணக்கில் 64 கிலோமீட்டர். அந்த உயரத்துக் காற்றில் மிதந்து போகிற பொருளுக்கே அந்த வேகம் வந்துவிடும். பாய்ந்தது விமானம். மேலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பக்கத்துப் பனைமரம் பின்னால் ஓடுவதும், ஆனைமலை நம்மோடு கூடவே வருவதும் எப்படியோ அப்படி. ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த வெளிச்ச வீடியோ எதையும் இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி நம் வானம். முதல் சந்தேகம் எப்போதும் வெள்ளியின் மேல் போக வேண்டும். சூரியனிலிருந்து அதிகபட்சம் 47 டிகிரிதான் வெள்ளி விலகும். அதனால் மாலையில் மேற்கே சுமார் மூன்று மணி நேரம் நிற்கும், இல்லையென்றால் விடியலுக்கு முன் கிழக்கே நிற்கும். நடுநிசியில் உச்சியில் ஒரு பெரிய ஒளி என்றால் அது வெள்ளி இல்லை, வியாழனாக இருக்கலாம். "கிராமத்தான் வெள்ளியைப் பார்த்து ஏமாறுவானா, விடிவெள்ளி பார்த்து ஏர் பூட்டினவன் ஆச்சே" என்று கேட்பார்கள். லடாக் எல்லையில் 2012-13இல் நம் ராணுவ வீரர்கள் ஆறு மாதம் கண்காணித்து, வானில் கண்ட ஒளிகளை 329 முறை பதிவு செய்தார்கள். உளவு ட்ரோன்கள் என்பது சந்தேகம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டார்கள். நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இடம் குறித்துப் பார்த்ததில் ஒன்று வெள்ளி, மற்றது வியாழன். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். பயிற்சி பெற்ற காவல் கண்ணுக்கே இது நடக்கும் என்றால், எடுத்தவரைக் கேலி செய்ய என்ன இருக்கிறது?

இருட்டில் ஒற்றை ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவதாகவே தோன்றும். கண்ணின் இயல்பு அது. சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. தென்னை மட்டையோ, தண்ணீர்த் தொட்டியின் விளிம்போ, ஏதாவது ஒன்றுக்கு நேராக ஒளியை வைத்துத் தலையை ஆட்டாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். கோளும் நட்சத்திரமும் நிமிடத்துக்குக் கால் டிகிரிதான் நகரும்.

அடுத்தது செயற்கைக்கோள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டருக்கு மேலே, சிமிட்டாத வெள்ளை ஒளியாக, ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். நடு வானில் மெல்ல மங்கி மறையும். பூமியின் நிழலுக்குள் நுழைகிறது, அவ்வளவுதான். ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள், 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 ஏவப்பட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பறக்கும் தட்டுப் புகார்கள் குவியக் காரணமான ஒன்று. ஏவிய சில நாள் வரை மணிமாலை கோத்ததுபோல வரிசையாகப் போகும். இதற்கு ஒரு கையெழுத்து உண்டு: வரிசையில் ஒவ்வொரு ஒளியும் வானத்தில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்ததும் அணையும். முதலாவது அணையும், பிறகு இரண்டாவது அங்கேயே அணையும். அந்த இடத்தில்தான் நிழல் ஆரம்பிக்கிறது. 550 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள் மதுரைக்கு நேர் மேலே வெயில் வாங்குவது சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரைதான். இரவு பன்னிரண்டுக்கு உச்சியில் மணிமாலை என்றால் வேறு எதையாவது தேடுங்கள்.

மதுரை விமான நிலைய ஓடுபாதை கிழக்கு மேற்காக நீள்கிறது. அந்தக் கோட்டுக்கு நேராக எந்த ஊரில் நின்றாலும், தரையிறங்க வரும் விமானத்தின் முன்விளக்கு அசையாத ஒளிக்கோளமாக மூன்று நாலு நிமிடம் நிற்கும். 15 கிலோமீட்டரை மணிக்கு 250 வேகத்தில் கடக்க அவ்வளவு நேரம் ஆகும், அதுவும் உங்களை நோக்கியே வருவதால் பக்கவாட்டில் நகராது. கிட்டே வந்ததும் ஒளி சட்டென்று பிரிந்து, சிவப்பும் பச்சையும் தெரிந்து, தலைக்கு மேலே ஓடிவிடும். "ரொம்ப நேரம் நின்னுச்சு, திடீர்னு பறந்துருச்சு" என்ற வர்ணனை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

காகிதத்தில் செய்து விடும் ஆகாய விளக்கு ஆரஞ்சு நிறம், துடிக்கும் ஒளி, சில நிமிடத்தில் எரிபொருள் தீர்ந்து அணையும். திருவிழாவில் விற்கும் எல்இடி பலூனும் இதே போலக் காற்றோடு போகும். ஆடிக் காற்றில் இவை மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். எதிர்த்துப் போனால் ஆகாய விளக்கு என்ற முடிவைக் கைவிடுங்கள், ஆனால் மேல் காற்றின் திசை தரைக் காற்றிலிருந்து மாறலாம் என்பதால் விண்டி செயலியில் அந்த உயரத்துக் காற்றையும் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள். ராத்திரியில் கூட்டமாகப் பறக்கும் கொக்கின் வெள்ளை வயிற்றில் ஊர் வெளிச்சம் பட்டால் சத்தமில்லாத ஒளி வரிசை கிடைக்கும்.

கேமரா தானே உண்டாக்குவது இன்னும் அதிகம். இரவில் போனின் ஆட்டோ ஃபோகஸ் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அப்போது ஒரு புள்ளி ஒளி வட்டத் தட்டாக ஊதிப் பெருகும், சுருங்கும். 'துடிக்கும் தட்டு' வீடியோக்களில் பெரும்பகுதி இதுதான். நீங்களே செய்து பார்க்கலாம். போன் கேமராவில் புரோ முறைக்குப் போய், தூரத்துத் தெருவிளக்கைக் குறிவைத்து, ஃபோகஸைக் கைமுறையாக அருகாமைப் பக்கம் இழுங்கள். தெருவிளக்கு தட்டாகிவிடும். லென்ஸில் ஒட்டிய தூசு அந்தத் தட்டில் கரும்புள்ளியாக விழும், அதை 'ஜன்னல்' என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். ஒளி நுழையும் துவாரம் என்ன வடிவமோ, மங்கலும் அந்த வடிவம். 2019-இல் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த 'முக்கோண' வீடியோவும் இப்படித்தான். இரவுப் பார்வைக் கருவி வழியாக வந்த ஒளியைக் கேமரா பதிவு செய்ததால் முக்கோணம் விழுந்தது என்று 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அதிகாரிகளே விளக்கினார்கள்.

தெருவிளக்கு இருக்கும் காட்சியில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சின்னப் புள்ளி மிதந்தால் அது லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. வீடியோவை நிறுத்தி, படத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்து மையம் கண்டுபிடியுங்கள். விளக்கிலிருந்து மையம் வழியாகக் கோடு இழுத்தால் அதே தூரத்தில் எதிர்ப்பக்கம் அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கும். போனை இடப்பக்கம் திருப்பினால் விளக்கும் புள்ளியும் எதிரெதிராக நகரும். இந்தச் சோதனை தவறுவது எங்கே என்றால், பகிரும்போது யாராவது ஓரத்தை வெட்டியிருந்தால் மையம் மாறிவிடும். நடுக்கம் குறைக்கும் வசதியும் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும். அதனால்தான் மூலக்கோப்பு வேண்டும் என்று மன்றாட வேண்டியிருக்கிறது.

சிசிடிவி காட்சிகளுக்கு ஒரே வார்த்தை: ஈசல். மழை பெய்து ஓய்ந்த இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளிப் பறக்கும் பூச்சியை வெளுப்பாக எரிய வைக்கும். ஒரு ஃபிரேமுக்கு 1/25 வினாடி திறந்திருந்தால் அதற்குள் பூச்சி பலமுறை சிறகடித்துவிடும், ஆகவே முடிச்சு முடிச்சாக ஒரு கோல் பறப்பதுபோல் பதியும். சிலந்தி நூலும் தூசியும் கூட இப்படித்தான்.

சரி, ஒரு வீடியோ வந்தால் என்ன செய்வது? எடுத்தவரிடம் மூலக்கோப்பை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் காட்சி நசுங்கிவிடும், கோப்பிலுள்ள நேர விவரமும் போய்விடும். நின்ற இடம், பார்த்த திசை, முஷ்டிக் கணக்கில் உயரம், மூன்றையும் கேளுங்கள். திசை தெரியாவிட்டால் வீடியோவில் உள்ள செல்போன் டவர், மலை முகடு, கோபுரம் எதையாவது கூகுள் வரைபடத்தில் பொருத்தித் திசை எடுக்கலாம். பிறகு வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் மதுரையையும் அந்த நிமிடத்தையும் போட்டுக் கோள்களைப் பாருங்கள். ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் செயற்கைக்கோள்களைப் பாருங்கள். ஃபிளைட்ரேடார்24-இல் பழைய நேரத்துக்குப் போய் விமானங்களைப் பாருங்கள். பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: விமானங்களைக் காட்டும் இணையதளங்கள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் காட்டும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு 8 மணிக் காட்சிக்கு 14:30 என்று தேட வேண்டும். ராணுவ விமானங்கள் அதில் தெரியாமல் போகலாம், ஆகவே அங்கே எதுவும் இல்லை என்பதை வைத்து விமானமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடைசியாக வி.எல்.சி. என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டுங்கள். கை நடுங்கும் ஃபிரேமில் தெருவிளக்கு கோடாக இழுபட, 'தட்டு' மட்டும் கூர்மையாக நின்றால் அது பிறகு ஒட்டியது.

இத்தனையும் செய்த பிறகும் சில மிச்சம் இருக்கும். அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டக் கணக்கில் 1947 முதல் 1969 வரையிலான 12,618 காட்சிகள் சேர்ந்தன, 701 அடையாளம் காணப்படாமலே போயின. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே எதையோ பார்த்ததாக விமானங்களை நிறுத்தி, ரஃபேல் போர் விமானங்களையும் அனுப்பித் தேடினார்கள். இப்படிப்பட்டவற்றுக்கு "தெரியவில்லை" என்பதே நேர்மையான பதில். ஆனால் அந்தச் சொல்லை "வேற்றுக்கிரகம்" என்று மொழிபெயர்க்க யாருக்கும் உரிமை இல்லை. "ட்ரோன்தான்" என்று மொழிபெயர்க்கவும் உரிமை இல்லை.

ஒரு முன்னறிவிப்பு மட்டும் சொல்லி வைக்கிறேன். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மதுரையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே. அங்கிருந்து தெற்கு நோக்கி, சூரியன் மறைந்த அரை மணியிலோ விடியலுக்குச் சற்று முன்போ ஒரு ராக்கெட் கிளம்பினால், தரையில் இருட்டாக இருக்கும், மேலே புகைக்கு வெயில் கிடைக்கும். 2022 டிசம்பர் 15 மாலை அக்னி-5 சோதனையின்போது மேற்கு வங்காளத்திலும் ஒடிசாவிலும் ஜனங்கள் தெருவில் நின்று பார்த்த ஒளி அதுதான். குலசேகரன்பட்டினத்திலிருந்து அப்படி ஒன்று கிளம்பும் நாளில் மதுரையின் தென் வானில், தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே, நீலமும் வெள்ளையுமாக விசிறி விரிந்து மெல்ல கலையும். மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் வரை எல்லோர் போனிலும் அது ஏறிவிடும். அப்போது ஜூம் செய்யாதீர்கள். போனை மாடிச் சுவரில் சாய்த்து வையுங்கள், காட்சியின் அடியில் ஒரு கட்டடமோ மரமோ தெரியட்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வெட்டாமல் சேமியுங்கள்.