தேர்ந்தெடுத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை நம் வாய்க்கால் பாசனச் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மறுநாள் நால்ரோட்டில் கட்டியிருந்த பிளக்ஸில் 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்' என்று படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை.

யார் தேர்ந்தெடுத்தார்கள்? வேறு யாராவது நிற்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் இருந்தவர்கள் பெயரைச் சொன்னார்கள், முன்வரிசை கைதட்டியது, பொன்னாடை வந்துவிட்டது. அவர் நல்லவர், கடைமடைக்குத் தண்ணீர் வராத நாட்களில் இரவு முழுக்க மதகடியில் நின்றவர். நியமிக்கப்பட்ட தலைவர் என்று எழுதியிருந்தால் நானே மாலை போட்டிருப்பேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எழுதியதுதான் பொய்.

தேர்தல் என்றால் ஆராய்தல். 'தேறற்க யாரையும் தேராது' என்னும் குறளில் அந்தப் பொருள்தான் இருக்கிறது. ஒருவரை இன்னொருவரோடு வைத்துப் பார்க்கவே இடம் தராத கூட்டத்தில் யாரும் யாரையும் தேரவில்லை.

போட்டியின்றித் தேர்வானவரையும் சட்டம் ஏற்கிறதே என்பீர்கள். ஏற்கிறது, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே அறிவிப்பு உண்டு, வேட்புமனு உண்டு, திரும்பப் பெற நாள் உண்டு. எல்லாருக்கும் வழி விட்டும் வேறு யாரும் வராததால் ஒருவர் வெல்கிறார். நம் மண்டபத்தில் வழியே விடவில்லை. குடவோலை கண்ட மரபு நம்முடையது என்று ஒருவர் எழுதியிருந்தார். உத்திரமேரூரில் தகுதியுடையவர்களின் பெயர்களைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். அது வாக்களிப்பு அன்று, திருவுளச்சீட்டு. ஆனாலும் யாருடைய ஓலை குடத்தில் விழலாம் என்பதை முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் சங்கத்தில் அதை ஒரு நோட்டில்கூட எழுதி வைக்கவில்லை.

"ஏனுங்க, ஓட்டுன்னு போனா ஊரு ரெண்டாயிருமுங்க" என்று சொல்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. ஊர் உடைந்துவிடவில்லை. அதே 1996இல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு நடந்த உள்ளாட்சித் தேர்தலில், என் அம்மா வார்டு உறுப்பினராக நின்றார். எதிர்த்து நின்றவர் எங்கள் பங்காளி வீட்டுப் பெரியம்மா. அம்மா வீடு வீடாக நடந்தார். சில வாசல்களில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஏழு ஓட்டில் ஜெயித்தார். பெரியம்மா சில மாதம் பேசவில்லை, பிறகு என் அக்கா சீருக்கு முதல் ஆளாக வந்து நின்றார். தனக்கு ஓட்டுப் போடாத வீட்டுக் குழாயைப் பற்றியும் அம்மா ஐந்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஏழு ஓட்டைச் சாகும்வரை மறக்கவில்லை. அம்மா நடந்து நடந்து சம்பாதித்த அதே சொல்லைக் கைதட்டலில் ஒருவருக்குச் சூட்டியதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதைப் பொறாமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கூட்டம் தொடங்கும் முன்பே வருகைப் பதிவேட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் 'ஏகமனதாக' என்று எழுதியிருக்கிறார்கள். நான் கை தூக்கவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லி நிர்வாகிகளுக்கு இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். இல்லையென்றால் அந்தப் பதிவேட்டில் என் கையெழுத்தை அடித்துவிடட்டும்.