மாலத்தீவில் ஓர் இரவுக்கு ஐம்பது டாலராம்!

"மாலத்தீவு இப்போ பணக்காரங்களுக்கு மட்டும் இல்லைங்க, ஐம்பது டாலருக்கே ரூம் கிடைக்குது!" பயண வீடியோக்களில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்பவர் வெள்ளை மணலில் பின்பக்கமாக நடந்துகொண்டே சொல்வார். பின்னால் பச்சையா நீலமா என்று தெரியாத நிறத்தில் கடல் மின்னும். பார்க்கிற நமக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ஐம்பது டாலரின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் மிச்சக் கணக்கை அந்தப் புண்ணியவான் கடைசிவரை சொல்லவே மாட்டார்.

சரி, அவர் போடாத கணக்கை நான் போடுகிறேன். இரண்டு பேர், நான்கு இரவு, இரவுக்கு 50 டாலர் வாடகை. ஆக 200 டாலர். அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 220 ஆகிறது. அந்த 220-க்கு 17 சதவீதம் சுற்றுலா ஜி.எஸ்.டி., 257 டாலர் 40 சென்ட். கவனியுங்கள், வரி வாடகைக்கு மட்டுமில்லை, சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான். அப்புறம் பசுமை வரி. சின்ன விருந்தினர் விடுதி என்றால் ஆளுக்கு, இரவுக்கு 6 டாலர். இரண்டு பேர், நான்கு இரவு, 48 டாலர். மொத்தம் 305 டாலர் 40 சென்ட். 200 என்று நம்பிப் போனவன் நூறு டாலருக்கு மேல் அதிகமாக எடுத்து வைக்க வேண்டும். இன்னும் படகில் கால்கூட வைக்கவில்லை, ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை!

இதில் அந்த நாட்டு அரசாங்கத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சுற்றுலா ஜி.எஸ்.டி. 2023 ஜனவரியில் 16 சதவீதம் ஆனது, 2025 ஜூலையில் 17 ஆனது. பசுமை வரி 2025 ஜனவரியில் இரட்டிப்பானது. சின்ன விடுதிகளில் 3 டாலர் 6 ஆனது, ரிசார்ட்டுகளில் 6 டாலர் 12 ஆனது. எல்லாம் ஊரறியச் செய்த காரியம். ஏறத்தாழ 1,200 தீவுகள், அவற்றில் 200-க்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வாழ்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சராசரி உயரமே ஒன்றரை மீட்டர்தான். அரிசி முதல் சிமென்ட் வரை கப்பலில் வர வேண்டும். நாம் குடித்துவிட்டுப் போடும் பாட்டிலை அள்ளிக்கொண்டு போகவும் ஒரு படகு வேண்டும். வரி வாங்கட்டும், தாராளமாக வாங்கட்டும். என் கோபமெல்லாம் நடுவில் நின்று பாதி விலையை மட்டும் சொல்லி ஆள் பிடிக்கிறவர்கள் மேல்தான்.

முன்பதிவுத் தளங்களைப் பாருங்கள். ஒரு தளம் எல்லா வரியும் சேர்த்து விலை காட்டும். இன்னொன்று வெறும் வாடகையைப் பெரிய எழுத்தில் போட்டு, "வரிகளும் கட்டணங்களும் தனி" என்று எறும்பு எழுத்தில் கீழே போடும். இன்னொன்றில் வரியெல்லாம் சேர்ந்திருக்கும், பசுமை வரி மட்டும் "விடுதியில் செலுத்துக" என்று எங்கோ மூலையில் கிடக்கும். இதில் எது மலிவு என்று எப்படி ஒப்பிடுவது? பயண முகவர்களோ இன்னும் ஒருபடி மேல். "எல்லாம் இன்க்ளூடட் சார்" என்பார்கள். எல்லாம் என்றால் என்னென்ன என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள், இரண்டு நாளைக்குப் பதில் வராது. எனக்கு ஒரு முகவர் "படகும் சேர்ந்தது" என்று சத்தியம் செய்து விற்றதில், போகும் படகு மட்டுமே சேர்ந்திருந்தது. திரும்பி வருவதை அவர் எண்ணத்திலேயே வைக்கவில்லை போலும்.

கடைசியில் திட்டு வாங்குவது யார் தெரியுமா? விடுதிக்காரர்தான். மாஃபுஷி தீவில் அறையைக் காலி செய்யும் நேரத்தில் வரவேற்பு மேசை முன்னால் ஒரு குடும்பம் கத்திக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருபது வயது தாண்டியிருக்காத பையன். பில்லைத் திருப்பி வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டுகிறான். வாடகை ஒரு வரி, கீழே சேவைக் கட்டணம், அடுத்து ஜி.எஸ்.டி., அடுத்து பசுமை வரி, அடுத்து படகு. "ஏமாத்துறாங்க, ஏமாத்துறாங்க" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பையன் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் பணத்தை வாங்கிக்கொண்டு எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான். 1972-இல் நாட்டின் முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்த நாளிலிருந்து பல பத்தாண்டுகளுக்குச் சுற்றுலா வருமானம் தனித்தீவு ரிசார்ட்டுகளுக்கே போனது. மக்கள் வாழும் தீவுகளில் விடுதி நடத்த வழி பிறந்தது 2009 வாக்கில்தான். இப்போதுதான் உள்ளூர்க் குடும்பங்கள் நாலு காசு பார்க்கின்றன. அவர்கள் பெயரையும் இந்த அரைகுறை விலைக்காரர்கள் கெடுக்கிறார்கள்.

அடுத்தது படகு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை மாலத்தீவுக்குப் போய்வந்த ஆள்தான் சொல்லியிருக்க வேண்டும்! விமானம் இறங்கும் ஹுல்ஹுலேயே ஒரு தனித்தீவு. பாலம் வழியாகத் தலைநகர் மாலேவுக்கும் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவுக்கும் போகலாம், மற்ற இடங்களுக்கெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான் வழி. பக்கத்திலிருக்கும் மாஃபுஷிக்கே ஸ்பீட்போட்டில் ஆளுக்கு, ஒரு வழிக்கு 20, 25 டாலர் ஆகும். தீவு தள்ளிப்போகப் போகக் கட்டணம் ஏறும். அதனால் "அந்தத் தீவில் ரூம் இன்னும் மலிவு" என்று எவராவது சொன்னால் முதலில் படகுக் கட்டணத்தைக் கேளுங்கள். மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போகும் ஃபெர்ரி சில டாலர்தான். ஆனால் அது வெள்ளிக்கிழமை ஓடாது. அங்கே வார விடுமுறையே வெள்ளியும் சனியும். வியாழன் இரவு விமானத்தில் உங்களை ஏற்றி அனுப்பும் முகவருக்கு இது தெரியாதா? தெரியும். சொல்ல மாட்டார்.

ரிசார்ட் போகிறவர்கள் கதை இதைவிட மோசம். தூரத்து ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் வந்து இறங்கினால் அன்றைக்கு ரிசார்ட் கிடையாது. ஹுல்ஹுமாலேயில் சொந்தச் செலவில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் போக வேண்டும். ரிசார்ட்டில் கட்டிய முதல் இரவு வாடகை காற்றோடு போச்சு. கடல் விமானத்துக்கே ஆளுக்குப் போகவர பல நூறு டாலர் ஆகும் என்பது தனிக்கதை. பெட்டி எடையும் பெரும்பாலும் 20 கிலோதான், பெரிய விமானத்தில் 30 கிலோ கொண்டுவந்தவர் அங்கே பணம் எண்ணிக்கொண்டு நிற்பார். பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டுகின்றன, படகு நேரத்தைக் கேட்கும்போது எந்த நேரம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். காலை, இரவுச் சாப்பாடு மட்டும் சேர்ந்த "ஹாஃப் போர்டு" என்று வாங்கினால் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீருக்குக்கூடத் தனி பில் போடும் இடங்கள் உண்டு. டிசம்பர் 24, 31 தேதிகளில் தங்கினால் "கட்டாய விருந்து" என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். பசியில்லை, வேண்டாம் என்றாலும் கட்டாயம் கட்டாயம்தான்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போதுதான் "அதிரடிச் சலுகை" விளம்பரங்கள் பறக்கும். போகலாம், தப்பில்லை, விலை நிஜமாகவே குறைவு. ஆனால் அலை தூக்கிப் போடும்போது ஸ்பீட்போட்டின் முன்பக்கம் உட்கார்ந்தால் முதுகெலும்பு எண்ணிக்கை குறைந்துவிடும். பின்பக்கம் உட்காருங்கள். இந்த ஒரு வரியை எந்த வீடியோவாவது சொல்லியிருக்கிறதா?

சாப்பாட்டுக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். "மாலத்தீவில் சாப்பாடு யானை விலை" என்று ஒருவர் அழுகிறார். எங்கே சாப்பிட்டீர்கள் என்றால் கடற்கரை உணவகத்தில் பீட்சாவாம். சீஸும் தக்காளியும் கப்பலேறி வந்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்? அந்த நாடு மீனும் தேங்காயும் மலிந்த நாடு. விடுதிகளில் காலையில் கேட்பார்கள், உள்ளூர்ச் சாப்பாடா, கான்டினென்டலா என்று. நம்மாட்கள் இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு முட்டையும் வாங்கித் தின்றுவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். உள்ளூர் என்று சொல்லிப் பாருங்கள். மஸ் ஹுனி வரும். சூரை மீனை உதிர்த்து, அப்போது துருவிய தேங்காய், பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்தது. கூடவே மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட ரோஷி. மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் இடித்த வீட்டில் பிறந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பழகிப்போகும். மதியம் 'கருதியா' என்று ஒன்று, சூரை மீனை வேகவைத்த தெளிவான சாறு. சூடான சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். இதற்கு எந்த பீட்சாவும் கிட்டே வராது.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உள்தெருவில் இருக்கும் தேநீர்க் கடைக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பஜியா, குல்ஹா, மஸ்ரோஷி என்று மீனும் தேங்காயும் அடைத்த பலகாரங்கள் அடுக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹெதிகா என்று பெயர். ஒரு பால் தேநீரும் நாலு ஹெதிகாவும் சாப்பிட்டாலே வயிறு நிறையும், காசும் சில்லறைதான். இந்தக் கடைகளைக் காட்டினால் வீடியோவில் "லக்சுரி" குறைந்துவிடுமாம்.

சைவம் சாப்பிடுபவர்களை இவர்கள் ஏமாற்றுவது இன்னும் அநியாயம். "வெஜ் தாராளமா கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ரிசார்ட்டில் கிடைக்கும். உள்ளூர்த் தீவில் சமோசா மாதிரி இருக்கும் பஜியாவுக்குள்ளும் மீன்தான். "மீன் இல்லாமல்" என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும், வெறுமனே "வெஜ்" என்றால் போதாது. பருப்புக் கறியும் ரோஷியும் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். தர்ப்பூசணியும் பப்பாளியும் விளைகிற தொட்டூ தீவைத் தேர்ந்தெடுத்தால் பழத்துக்காவது குறை இருக்காது. இதைச் சொல்ல என்ன காசா பணமா?

நுழைவுப் படிவத்திலும் ஒரு கொள்ளை நடக்கிறது. இமுகா என்ற அரசு இணையதளத்தில் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் பயண விவரத்தை நிரப்ப வேண்டும். முழுக்க இலவசம். சுற்றுலா விசாவும் இறங்கியதும் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் தேடுபொறியில் தேடினால் அரசு தளம் போலவே வேஷம் கட்டிய பக்கங்கள் முன்னால் வந்து பணம் கேட்கும். எவராவது இதற்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. குடித்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில தீவுகளுக்கு அப்பால் கடலில் படகு மதுக்கூடம் நிற்கிறது, அங்கே போய்க்கொள்ளலாம். பெட்டிக்குள் பாட்டில், பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலை எதுவும் கூடாது. மின்சிகரெட்டும் 2024 நவம்பர் முதல் கொண்டுபோக முடியாது. நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள், அதைத் தாண்டி ஊருக்குள் வந்தால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இது பெண்களுக்கு மட்டும் சொன்னது இல்லை ஐயா. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் தெருவில் உலா வரும் நம்மூர் ஆண்களைப் பார்த்து நானே தலையைக் குனிந்திருக்கிறேன்.

பணத்தை எப்படி எடுத்துப் போவது என்பதிலும் மழுப்பல்தான். எல்லாத் தீவிலும் ஏடிஎம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இருந்தாலும் பெரும்பாலும் உள்ளூர் நாணயமான ருஃபியாதான் வரும். விடுதி, படகு, ஆழ்கடல் உலா எல்லாவற்றுக்கும் டாலரில் விலை சொல்வார்கள். தேநீர்க் கடைக்கும் மளிகைக் கடைக்கும் ருஃபியா நல்லது. அதனால் சின்னச் சின்ன டாலர் நோட்டாகக் கொஞ்சம், ருஃபியா அதைவிடக் கொஞ்சம். நிறைய ருஃபியா எடுத்தீர்களானால் நாட்டை விட்டு வெளியே வந்தபின் அதை மாற்றித் தர ஆள் கிடையாது. மீதம் இருந்தால் மாலே மீன் சந்தைப் பக்கம் போய் ஒரு பாட்டில் ரிஹாகுரு வாங்கிவிடுங்கள், சூரைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய விழுது அது. மூடியை நன்றாக இறுக்கி, இரண்டு பாலிதீன் பை சுற்றி, கைப்பையில் இல்லாமல் பெரிய பெட்டியில் வையுங்கள். கசிந்தால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.