கைப்பிடி அளவு ஆட்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் தமிழர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி நான்கு நாட்களாகப் பலர் கேட்டுவிட்டீர்கள். அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்கும் அந்தக் காணொளி வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்துத் தீவுகளின் விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி மேடையில் பேசிக்கொண்டிருந்த நான் ஏன் பாதியில் இறங்கிப் போனேன் என்பதுதான் கேள்வி. கூட்டத்திலிருந்த ஓர் அண்ணன் சொன்ன வாக்கியத்தை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு கூடம் முழுக்க எழுந்த சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"கைப்பிடி அளவு ஆட்களின் வேலைக்காகத் தீவு தீவாக விமானத்தை நிறுத்தினார்கள். அதைப் பெருமையாக இங்கே வந்து சொல்கிறாயே, தங்கச்சி" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் குழந்தைக்குக் கம்பளி உடுப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனாலும் அவர் தவறாகத்தான் சொன்னார். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன? ஸ்காட்லாந்தின் வடக்கிலும் தீவுகளிலுமாகப் பதினொரு விமான நிலையங்களை ஒரே நிறுவனம் நடத்துகிறது. ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் ஏர்போர்ட்ஸ் என்று பெயர். ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தம். பார்ரா தீவில் விமானம் கடற்கரை மணலில்தான் இறங்கும். கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் அங்கே கால அட்டவணை. அப்படிப்பட்ட ஊர்கள் இவை. 2018-இல் நிறுவனம் ஒரு திட்டம் அறிவித்தது. ஸ்டோர்னோவே, கிர்க்வால், சம்பர்க், டண்டீ, இன்வர்னஸ் ஆகிய ஐந்து நிலையங்களில், விமானம் ஏறவும் இறங்கவும் வழிகாட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் ஆட்கள் வேண்டாம். கேமராக்களை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் இன்வர்னஸ் நகரில் ஒரு கட்டடத்திலிருந்து திரையில் பார்த்தே நடத்திவிடலாம். பென்பெகுலாவிலும் விக்கிலும் கட்டுப்பாட்டுப் பணியே இராது; விமானிக்குத் தகவல் மட்டும் சொல்லும் பணியாக அது இறங்கிவிடும்.

அந்தக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் தொழிற்சங்கமான பிராஸ்பெக்ட் எதிர்த்தது. ஓராண்டல்ல, ஈராண்டல்ல. கடிதம், மனு, விதிப்படி மட்டும் வேலை, கடைசியில் 2021 ஜூலை 29 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம். அந்த அக்டோபரில் இரு தரப்பும் பேச உட்கார்ந்தன. 2022 தொடக்கத்தில் நிறுவனம் திட்டத்தை மாற்றியது. ராடார் கண்காணிப்பை இன்வர்னஸில் ஒன்றுசேர்க்கலாம், கோபுரப் பணி அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும் என்பது முடிவு. இதைத்தான் நான் மேடையில் சொன்னேன். இதில் சிரிக்க என்ன இருந்தது?

நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்களை எண்ணுகிறீர்கள். தீவில் வீட்டை எண்ண வேண்டும்.

மேற்குத் தீவுகளின் முக்கிய ஊரான ஸ்டோர்னோவேயில் நான் ஒன்பது வருடம் இருந்தேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு விமானக் கட்டுப்பாட்டு அலுவலர் இருந்தார். நிறுவனத்தின் கணக்கில் அவர் ஒரு பணியிடம். அவர் மனைவி தொடக்கப் பள்ளியில், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் வழி வகுப்பில் உதவியாளர். மூன்று பிள்ளைகள். தெருக்கோடியில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். தினமும் மாலையில் இவர் போய், சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டிகளைக் கணப்பில் அடுக்கிவிட்டு வருவார். சனிக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பார். என் மகளும் அதில் ஒருத்தி. இப்போது இந்த ஒரு பணியிடத்தை இன்வர்னஸுக்கு மாற்றிப் பாருங்கள். பள்ளியில் ஓர் உதவியாளர் இல்லை. மூன்று வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளை இல்லை. அந்த அம்மாவின் வீட்டில் மாலையில் கணப்பு எரியாது. சனிக்கிழமை காலையில் மைதானத்தில் காற்று மட்டும் அடிக்கும்.

மேற்குத் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 2011-இல் 27,684. 2022 கணக்கெடுப்பில் சுமார் 26,200. பதினோரு ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் குறைந்துபோனார்கள். பெரிய நகரத்தில் ஒரு அடுக்குமாடி வளாகத்தில் இருப்பார்கள் அத்தனை பேரும். அங்கே அது பல கிராமங்கள். 2022-இல் அத்தீவுகளில் கேலிக் ஓரளவேனும் தெரிந்தவர்கள் 57 சதவீதம். அந்த மொழி இன்னும் தெருவில் கேட்கும் இடம் என்று சொல்ல மிச்சமிருப்பது கிட்டத்தட்ட அது ஒன்றுதான். அந்த வகுப்பறையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து போனால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? மொழிக்காக ஆண்டுக்கு இரண்டு விழா எடுக்கிறோம். அதே கூடத்தில்தான் அன்று சிரித்தோம்.

தொழில்நுட்பத்தைத் தடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். கேட்டும்விட்டீர்கள். ஸ்வீடனில் ஏர்ன்ஷல்ட்ஸ்விக் விமான நிலையம் 2015 முதல் தொலைவிலிருந்து இயங்குகிறது, லண்டன் சிட்டி விமான நிலையத்தின் கோபுரமே 2021-இல் தொலைவிலுள்ள ஸ்வான்விக்குக்குப் போய்விட்டது என்று ஒருவர் எனக்கு இணைப்புகளை அனுப்பியிருக்கிறார். உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் அந்தப் பணி போனால் லண்டனே போய்விடாது. அங்கே ஒருவருக்கு வேறு வேலை கிடைக்கும், வீடு அங்கேயே இருக்கும். ஷெட்லாந்துத் தீவுகளின் சம்பர்க்கில் போனால் அந்த மனிதருக்கு அத்தீவுகளில் அதே தொழில் வேறெங்கும் கிடையாது.

கேபிளையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் ஸ்கை தீவுக்கும் ஹாரிஸுக்கும் இடையே கடலடி மின்கேபிள் பழுதானது. புதியது பதிக்க அடுத்த ஆகஸ்ட் ஆனது. அதுவரை டீசல் நிலையங்கள்தான் ஓடின. 2022 அக்டோபர் 20 அன்று கடலடித் தொலைத்தொடர்பு கேபிள் சேதமாகி ஷெட்லாந்தில் தொலைபேசியும் இணையமும் அடங்கிப்போயின. அவசர எண்ணுக்குக்கூட அழைக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். கோபுரத்தை இன்வர்னஸுக்கு மாற்றியிருந்தால் சம்பர்க் ஓடுபாதையை அன்று எந்தத் திரையில் பார்த்திருப்பார்கள்? மாற்று வழி வைத்திருப்போம் என்பார்கள். வைத்திருக்கலாம். நான் பொறியாளர் இல்லை. ஆனால் ஜன்னல் வழியே கண்ணால் பார்க்கும் மனிதருக்குக் கேபிள் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜனவரி மாதம் ஓர் இரவு. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மூச்சு இழுக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. நான் வேலை செய்யும் அதே மருத்துவமனையில், எனக்குத் தெரிந்த அதே மருத்துவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: கிளாஸ்கோவுக்கு அனுப்ப வேண்டும். விமான நிலையம் அன்றைய வேலை முடித்து மூடியாயிற்று. மழையும் காற்றும் ஜன்னலை அறைந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸ் ஓடுதளத்தருகே போனபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கோபுரத்திலும் வெளிச்சம். யார் வந்து திறந்தார்கள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. குழந்தை பிழைத்தாள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தோம். கடையில் பால் வாங்க நின்றபோது இரண்டு வீடு தள்ளியிருந்த அந்த மனிதர் பின்னால் வந்து, "குட்டிப் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அன்றிரவு படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். தானாக அவர் அதைச் சொல்லவும் இல்லை.

இன்வர்னஸில் இருக்கும் அலுவலரும் இரவில் எழுந்து வருவார் என்று சொல்வீர்கள். வருவார். நல்லவராகவே இருப்பார். ஆனால் பால் வாங்கும் வரிசையில் என் பின்னால் நிற்க மாட்டார். இது வாதமா என்று கேட்டால், எனக்கு இதுதான் வாதம்.

அப்புறம் வரிப்பணம். பொதுப் பணத்தை மிச்சப்படுத்த வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: 2018-இலேயே தீவுகளுக்கென ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தீவுகளைப் பெரிதும் பாதிக்கும் முடிவுகளை எடுக்குமுன் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் திட்டத்துக்கான மதிப்பீடு 2021-இல் வெளிவந்தது. தீவுகளுக்குக் கணிசமான பாதிப்பு உண்டு என்று அதுவே சொன்னது. அதன் பிறகும் நிர்வாகம் பின்வாங்கவில்லை. சங்கம் வேலைநிறுத்தத்துக்குப் போனது அதற்கப்புறம்தான்.

வேலைநிறுத்தத்தால் அவதிப்பட்டவர்களைப் பற்றி யோசித்தாயா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். யோசித்தேன் ஐயா. அந்த ஜூலையில் ரத்தான டிக்கெட்டுகளில் என்னுடையதும் ஒன்று. சகோதரியைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன், போக முடியவில்லை. அழுகையே வந்தது. ஆனாலும் கோபம் அவர்கள்மேல் வரவில்லை.

இன்னொன்று: தீவுகளில் ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் மையப்படுத்துகிறார்கள் என்பது. இதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். அவ்வளவுதான்.

இது விமான நிலையத்தோடு மட்டும் நின்ற கதையா? 2010 டிசம்பரில் கடலோரக் காவல் நிலையங்களைக் குறைக்கும் திட்டம் வந்தபோது, ஸ்டோர்னோவே, ஷெட்லாந்து இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் பகலில் மட்டும் என்றார்கள். அரசு ஊழியர்களின் பிசிஎஸ் சங்கத்தினரும் ஊராரும் மீனவர்களும் சேர்ந்து நின்றார்கள். டார்பர்ட் என்று ஹாரிஸில் ஓர் ஊர், பெருநிலத்தில் கின்டைரில் அதே பெயரில் இன்னோர் ஊர். கேலிக்கில் நிலஇடுக்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர், அதனால்தான் பல இடங்களில் இருக்கிறது. படகு மூழ்கும்போது, தொலைவில் உட்கார்ந்திருப்பவர் எந்த டார்பர்ட் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார்கள். 2011 ஜூலையில் இரண்டு நிலையங்களுமே இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் என்று அரசு இறங்கிவந்தது. கிளைடு, ஃபோர்த் நிலையங்கள் மட்டும் தப்பவில்லை, 2012-இல் மூடப்பட்டன. 2015-இல் வரித்துறையும் அதே வழியில் வந்தது: நாடெங்கும் 170 அலுவலகங்களுக்குப் பதிலாக 13 மண்டல மையங்கள். ஸ்காட்லாந்துக்கு எடின்பரோவும் கிளாஸ்கோவும் மட்டும். வடக்கே இன்வர்னஸுக்குக்கூட ஒன்று இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் சொல் ஒன்றுதான்: சில பணியிடங்கள். கைப்பிடி அளவு.

மேற்குத் தீவுகளுக்கும் அப்பால் கிடக்கும் செயின்ட் கில்டா தீவு எப்படிக் காலியானது தெரியுமா? 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறினார்கள். யாரும் துப்பாக்கி காட்டி விரட்டவில்லை. இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போனபிறகு, இருப்பவர்களால் தீவை நடத்த முடியாமல், அவர்களே மனு எழுதிக் கேட்டுக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் போன நாளைத்தான் வரலாறு எழுதுகிறது. முதலில் போன குடும்பத்தின் பெயர் யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒரு முதல் குடும்பத்தைத் தெரியும். அது நாங்கள். என் அப்பா மீட்டர்கேஜ் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். நாளுக்கு நான்கு வண்டி. மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இனி இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் தேவையில்லை, வண்டி நின்று போகும், அவ்வளவே. ஒரே ஒரு பணியிடம்தான். நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். எங்களுக்குப் பால் ஊற்றிய வீட்டாரும், பிளாட்பாரத்தில் தேநீர் விற்றவரும் ஆறு மாதத்தில் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். இருட்டில் இறங்கப் பயந்து, டவுனிலிருந்து வந்த ஆசிரியை மாற்றல் வாங்கிக்கொண்டார். பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வேப்பமரம் இருந்தது. தெருவில் பூட்டுகள்தான் அதிகம்.

அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேரின் ஊரில் இன்று வீடு பூட்டிக் கிடக்கிறது? சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சாவியை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள்? வேறு யார் சிரித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நீ சங்கத்துக்காரி, அப்படித்தான் பேசுவாய் என்று சொல்லலாம். ஆமாம், நான் தொழிற்சங்க உறுப்பினர். மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. தன் வேலைக்காக மட்டும்தான் போராடினார்கள் என்று சொன்னாலும், அதிலும் எனக்கு வெட்கமில்லை. தன் பிள்ளை தன் ஊரிலேயே வளர வேண்டும் என்று ஒருவர் கேட்பது எப்போது கேவலமான ஆசையாயிற்று?

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஸ்டோர்னோவே போகிறோம். உல்லபூலிலிருந்து படகில் இரண்டே முக்கால் மணி நேரம். காரில் இரண்டு இடம் இருக்கிறது, அண்ணியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கட்டுப்பாட்டு அலுவலர் வீட்டில் தேநீருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருடைய மூத்த மகன் இப்போது அதே பள்ளியில் மேல் வகுப்பு படிக்கிறான். பாட்டிக்குக் கணப்பு மூட்டிக் கொடுப்பது இப்போது அவன்தானாம்.