மஞ்சள்தூளைக் கரைத்துப் பார்ப்பது யார் வேலை?

உணவுக் கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லும் காணொளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைப் போடு, சாய்வான தட்டில் பாலை ஒரு சொட்டு விடு, பழத்தின் தோலைப் பஞ்சால் தேய்த்துப் பார். எடுப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் எடுக்கிறார்கள். அரசுத் துறைகளும் இதையே ‘நுகர்வோர் விழிப்புணர்வு’ என்று பெயர் வைத்து நடத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சாப்பாட்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வரி கட்டி ஒரு துறையை வைத்திருக்கிறோம். அந்தத் துறையே வந்து ‘நீங்களே பார்த்து வாங்குங்கள்’ என்றால், அப்புறம் அது எதற்கு?

கோடிக்கணக்கான அடுப்படிகளுக்குப் போய்ச் சேரும் எந்தப் பொருளும், அதற்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் பேர் கை வழியாகத்தான் போகிறது. ஆலைக்காரர், மொத்த வியாபாரி, இறக்குமதியாளர். விதியும் சோதனையும் தண்டனையும் அங்கே இருக்க வேண்டும். வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் பங்களாதேஷ். அங்கே மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்றும்போது ஈயக் குரோமேட்டைச் சேர்க்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. பெயின்ட்டில் போடுகிற மஞ்சள் நிறமி அது. 1980களில் வெள்ளம் வந்து, கிழங்கு சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போன காலத்தில் தொடங்கிய பழக்கம் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களே ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்துவிட்டது, பழக்கம் வடியவில்லை. பளீரென்று இருந்தால்தான் விற்கும் என்று வியாபாரி கேட்டார், மெருகேற்றுபவர் செய்து கொடுத்தார். அந்தத் தூளை நாள் முழுக்கச் சுவாசித்ததும் அதே ஆலைத் தொழிலாளிகள்தான்.

கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று தேடிப்போன ஆய்வாளர்கள், கடைசியில் வந்து நின்ற இடம் மஞ்சள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது.

2019இல் அந்த நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வாளர்களோடு சேர்ந்து களத்தில் இறங்கியது. சந்தைகளில் எச்சரிக்கை அறிவிப்புகள் ஒட்டினார்கள். டாக்காவின் பெரிய மொத்தச் சந்தைக்குள் ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு போய், அங்கேயே சோதித்து, இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். அது தொலைக்காட்சியிலும் வந்தது. அதற்குப் பிறகு எண்கள் விழுந்த வேகம்தான் ஆச்சரியம். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2020 தொடக்கத்தில் அது 5 சதவீதம், 2021இல் பூஜ்யம். ஆலைத் தொழிலாளிகளின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. எத்தனை லட்சம் வீடுகளில் எத்தனை டம்ளர் வைத்து மஞ்சளைக் கரைத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

சரி, சோதனை வைத்துவிட்டால் போதுமா என்றால், எதைச் சோதிக்கிறோம் என்பதும் இருக்கிறது. 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தயாரிப்பு ரசாயனம் கலந்த கதை இதற்குச் சரியான பாடம். பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். புரதத்தை அளக்கும் வழக்கமான முறையோ புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்குப் போடுகிறது. மெலமைனில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அந்தத் தேர்வில் தேற என்ன வேண்டுமோ அதைத்தான் கலந்தார்கள். கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசே ஒப்புக்கொண்டது. நல்ல பெயர் வாங்கிய பெரிய நிறுவனங்களுக்கு அரசுச் சோதனையிலிருந்து விலக்கு தரும் ஏற்பாடும் அப்போது அங்கே இருந்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான் அதை ரத்து செய்தார்கள். பெரிய கம்பெனி தப்பு செய்யாது என்கிற நம்பிக்கை நம்மில் பலருக்கும் உண்டு. ஒரு அரசாங்கம் அதையே விதியாக எழுதி வைத்திருந்தது.

இன்னொரு பொதுவான தப்பு, எல்லாவற்றையும் லேபிளில் எழுதச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. எண்ணெயைத் தொழிற்சாலையில் கெட்டியாக்கும்போது உருவாகும், இதயத்துக்குக் கெடுதல் என்று தெரிந்துபோன டிரான்ஸ் கொழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க் 2003இல் நேராக வரம்பு வைத்தது. 100 கிராம் கொழுப்பில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்கா முதலில் லேபிள் வழியில் போனது. அங்கே ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒரு தடவை சாப்பிடுவது இவ்வளவு என்று லேபிளில் போடும் அளவுக்கு, அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளலாம். பரிமாறல் அளவைச் சின்னதாக்கினால் பூஜ்யம் தானாக வந்துவிடும். சாப்பிடுபவர் நாலு பரிமாறலைச் சேர்த்துச் சாப்பிட்டால் அந்தப் பூஜ்யம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவர்களும் தடைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது வயலுக்கு வருவோம். காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பூச்சிமருந்து போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேலே படிந்திருப்பதில் கொஞ்சம் போகும். செடியே உறிஞ்சிக்கொண்டு உள்ளே கொண்டுபோகும் மருந்துகள் எந்தத் தண்ணீருக்கும் அசையாது. அங்கே காப்பாற்றுவது ஒன்றுதான்: கடைசியாக மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. அந்த இடைவெளியை விவசாயிக்குச் சொல்ல வேண்டிய ஆள் யார்? பல இடங்களில் அரசின் வேளாண் விரிவாக்க அலுவலர் வருவதே இல்லை. மருந்து விற்பவர்தான் ஆலோசகரும். விற்றால் லாபம் பார்க்கிறவரிடம் ‘எவ்வளவு அடிக்கலாம்’ என்று கேட்க வைத்துவிட்டு, எச்சம் இருந்தால் விவசாயியைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

தடை போடுவது பற்றிப் பேச இலங்கையை விட நல்ல உதாரணம் இல்லை. ஒரே நாடு, இரண்டு விதமாகச் செய்து காட்டியது.

1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அது ஒன்று. பெரும்பாலும் காரணம் கையெட்டும் தூரத்தில் இருந்த கொடிய பூச்சிமருந்து. மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் 1995இல் நிறுத்தப்பட்டன, 1998இல் எண்டோசல்பான், 2008 தொடங்கி பாராகுவாட் என்ற களைக்கொல்லி, டைமெத்தோயேட், பென்தியான் படிப்படியாக. ஒவ்வொரு முறையும் அந்த வேலைக்கு உயிர்ச்சேதம் குறைந்த வேறு மருந்து சந்தையில் இருந்தது. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் போலக் குறைந்தது. சுமார் 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. விளைச்சல் விழுந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இறக்குமதிப் பதிவு என்ற ஒரே கதவில் நின்று செய்த வேலை இது.

அதே நாடு 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. மாற்று உரம் கையில் இல்லை, விவசாயிக்குப் பழகிக்கொள்ள ஒரு போகம் கூட இல்லை. வெளியிலிருந்து வரவழைத்த இயற்கை உரத்தில் கேடு தரும் பாக்டீரியா இருக்கிறது என்று கப்பலையே திருப்பி அனுப்பினார்கள். அப்படியும் பல லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. இயற்கை விவசாய நண்பர்கள் இதைப் பேசினால் வருத்தப்படுகிறார்கள். நோக்கம் சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மண்ணைப் பழக்கப்படுத்த ஆண்டுகள் ஆகும் என்று அவர்களே சொல்வார்களே. அதை அரசு வர்த்தமானியில் ஒரு பக்கம் அச்சடித்து முடிக்க முடியுமா?

நடுவில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராகுவாட்டுக்கு அனுமதி இல்லை. பிரிட்டன் வயல்களிலும் அது கிடையாது. ஆனால் அதன் பிறகும் பல ஆண்டுகள் பிரிட்டனில் தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்றார்கள். தன் வயலில் தெளிக்கக் கூடாது என்று முடிவு செய்ததை அடுத்தவர் வயலுக்கு அனுப்புவதை எந்த ‘சுதந்திர வர்த்தகம்’ என்ற சொல்லாலும் என்னால் விழுங்க முடியவில்லை.

விதிகள் கூடினால் சின்ன உற்பத்தியாளர்கள் நசுங்குவார்கள் என்று சொல்பவர்களைக் கம்பெனி ஆட்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2007இல் அமெரிக்காவில் ஈயப் பெயின்ட் பூசிய பொம்மைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த ஆண்டே கடுமையான சட்டம் வந்தது, பொம்மைகளை வெளி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று. தப்பு செய்தவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள். அவற்றுக்கு ஆய்வகச் செலவு ஒரு பொருட்டே இல்லை. கையால் மரப்பொம்மை செய்து விற்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது. பெயின்ட் பூசாத மரத்துக்கு விலக்கு, சின்ன உற்பத்தியாளர்களுக்குச் சலுகை என்று பின்னால் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். முதலிலேயே யோசித்திருக்கலாம். ஆபத்து எங்கே இருக்கிறதோ, சரக்கு எங்கே குவிகிறதோ, அங்கே கெடுபிடி. மற்ற இடத்தில் செலவை அரசு ஏற்கட்டும், அல்லது விட்டுவிடட்டும்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று வெளியில் இருப்பவர் பார்க்க ஒரு வழியும் வேண்டும். ஐரோப்பாவில் எந்த நாட்டிலிருந்து வந்த எந்தச் சரக்கில் என்ன இருந்தது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எங்கோ ஒரு துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கைப் பற்றி அனுப்பிய நாட்டு மக்களே அதில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். உணவுத் துறைகள் மாதிரி எடுக்கின்றன, சோதிக்கின்றன, ஆண்டு முடிவில் இத்தனை மாதிரி, இத்தனை தோல்வி என்று ஒரு மொத்தக் கணக்கைப் போடுகின்றன. எந்தப் பொருள், எந்தத் தொகுதி எண், யார் தயாரித்தது, அதில் என்ன இருந்தது என்பதை அந்த வாரமே வெளியிடட்டும். வீட்டுச் சோதனைக் காணொளிக்குச் செலவாகும் பணத்தை அதற்குக் கொடுக்கலாம்.