பெரியம்மா குடியிருக்கும் வீடு, விதிப்படி குடியிருப்பு இல்லையாம்

போன வாரம் எங்கள் ஊருக்கு வரப்போகும் கல்குவாரிக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. சந்தனமும் பன்னீரும்தான் பாக்கி. டீ, பிஸ்கட் எல்லாம் தயார். முன்வரிசையில், ஊரில் யாரும் பார்த்திராத இளைஞர்கள். காலையிலேயே வேனில் வந்து இறங்கியவர்கள். மைக் கைக்குப் போனதும் "வேலைவாய்ப்பு பெருகும், வரவேற்கிறோம்" என்ற ஒரே வாக்கியம் பத்து வாயிலிருந்து வந்தது.

கடைசி வரிசையில் என் பெரியம்மா, திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, வரைபடத்தில் விரலால் தேடிக்கொண்டிருந்தார். கிணறு இருந்தது. வீட்டைக் காணோம். "ஏன் கண்ணு, நாற்பது வருடமாக அங்கேதானே சோறாக்குகிறேன்?" என்றார். பக்கத்தில் அச்சாகியிருந்தது: 300 மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை. நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம். குவாரி எல்லையிலிருந்து பெரியம்மா வீட்டுத் திண்ணைக்கு 180 மீட்டர்.

அறிக்கை எழுதியவர் பொய் சொன்னார் என்றுதான் முதலில் கொதித்தேன். விதியைப் படித்த பிறகுதான், பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை என்று புரிந்தது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 36-வது விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்கிறது. ஆனால் குடியிருப்பு என்றால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஊர் என்றோ வீட்டுமனை என்றோ இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற மனையாக இருக்க வேண்டும். கொங்குப் பக்கம் நத்தத்திலா, அதாவது ஊர் மனை என்று பதிவான நிலத்திலா, எல்லோரும் இருக்கிறோம்? தோட்டத்துக்குள் சாளை என்கிற வீடு போட்டு, மாட்டோடும் தென்னையோடும் தலைமுறையாகக் குடியிருக்கிறோம். பெரியம்மாவிடம் வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, வாக்காளர் அட்டையும் அதே முகவரிக்குத்தான். பதிவேட்டில் மட்டும் அது புன்செய்.

இதே விதியில் இன்னொரு வேடிக்கை. குவாரி வந்துவிட்டால், அதிலிருந்து 300 மீட்டருக்குள் புது வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தர, கனிமவளத் துறை இயக்குநரின் முன் இசைவு வேண்டும். வீட்டருகே குவாரி வரலாம். குவாரியருகே வீடு வர மட்டும் மேலிடத்து உத்தரவு.

ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏற்கெனவே ஒரு குவாரி ஓடுகிறது. மதியம் சங்கு ஊதும். பெரியம்மா உடனே அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துத் தரையில் கவிழ்த்துவிடுவார். வெடித்த பிறகு மறுபடி அடுக்குவார். இது தினசரி வேலையாகிவிட்டது. அந்தத் தொலைவுக்கே இப்படியென்றால் 180 மீட்டரில்?

"நீ வீடு கட்டியது எந்தக் கல்லில்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஜல்லியிலும் எம்-சாண்டிலும்தான், பில்லும் இருக்கிறது. குவாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே கூடாது என்று எழுதி வைத்ததையாவது ஒழுங்காக எழுதுங்கள் என்கிறேன்.

விதியை மாற்றுவது அத்தனை கடினமும் இல்லை. காப்புக்காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் குவாரி கூடாது என்று 2021-இல் வந்த தடையை, 2022 டிசம்பரிலேயே தளர்த்தினார்கள். 2025 ஏப்ரலில் கல் உடைக்கும் கிரஷர்களின் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; சாதாரணக் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ஆனது. அந்த மாதமே! கேட்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது எல்லாம். 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் ஒரு விவசாயியும், 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே சமூக ஆர்வலர் ஜகபர் அலியும் குவாரிகளை எதிர்த்துக் கேட்டார்கள். இருவரும் வண்டி ஏற்றிக் கொல்லப்பட்டார்கள்.

எனக்கு வேண்டிய திருத்தம் ஒரு வரிதான்: மனிதர் குடியிருந்து வீட்டு வரி கட்டும் கட்டடம் எந்த நிலத்தில் இருந்தாலும் குடியிருப்பே. கூடவே, அந்த 300 மீட்டரை அளப்பது குவாரிக்காரர் பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகராக இருக்கக்கூடாது.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல் கேட்டு மனு போட்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நேற்று பெயிண்டரை வரவழைத்து, ரோட்டைப் பார்த்த சுவரில் கதவு எண்ணை ஆளுயரத்துக்கு எழுதச் சொல்லிவிட்டார்.