ரத வீதியில் நடக்க விடுங்கள்

திருநெல்வேலி டவுன் நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்று யார் கேட்டாலும் சொல்வேன். "சரி, எங்கே நடப்பது?" என்று திருப்பிக் கேட்டால்தான் சங்கடம்.

வெளியூர்க்காரர்கள் கன்னியாகுமரி போகிற வழியில் காரை டவுனுக்குள் திருப்புகிறார்கள். நெல்லையப்பர் கோயிலில் அரை மணி நேரம், கோயிலைச் சுற்றிய நான்கு ரத வீதிகளில் ஒன்றான கீழ ரத வீதியில் அல்வா, அப்புறம் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து நடந்து வந்தால் முதலில் தாமிரபரணிப் பாலம். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி, 1843-இல் திறந்தது. காரில் போனால் கண் இமைப்பதற்குள் அக்கரை வந்துவிடும், ஆறே தெரியாது. டவுன் பக்கம் வந்தால் இன்னொரு கதை. வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, இந்த ஊர் கொந்தளித்து எழுந்தது. நகராட்சி அலுவலகத்துக்கும் தபால் நிலையத்துக்கும் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

கோயிலுக்குள் போனால் நடையின் அருமை தெரியும். நெல்லையப்பர் சந்நிதிக்கும் காந்திமதி அம்மன் கோயிலுக்கும் நடுவே சங்கிலி மண்டபம், 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. இரண்டு பக்கமும் தூண், நடுவில் நீளமாக நிழல். உச்சி வெயிலிலும் கால் சுடாமல் சுவாமியிடமிருந்து அம்மனிடம் போய்விடலாம். மணி மண்டபத்தின் இசைத் தூண்களுக்கும் நடராஜர் ஆடும் தாமிர சபைக்கும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெளியே வந்தால்தான் வினை. கடை வாசலில் தொங்குகிற பிளாஸ்டிக் குடம் தோளில் இடிக்கும், நிறுத்தி வைத்த பைக்கின் ஹேண்டில் இடுப்பில் குத்தும், இரண்டுக்கும் நடுவே பூக்கட்டுகிற ஆச்சி வேறு. நடுத்தெருவில் ஒரு கார் நிற்கும். பின்னால் ஹாரன் அடிக்கிற ஆட்டோக்காரரிடம், "ஒரு நிமிசம் அண்ணாச்சி, அல்வா வாங்கிட்டு வந்துருதேன்" என்பார் காருக்குச் சொந்தக்காரர். வரிசை எவ்வளவு நீளம் என்பது அவருக்கும் தெரியும், ஆட்டோக்காரருக்கும் தெரியும்!

என் கோரிக்கை சின்னது. சாயங்காலம் ஐந்து மணி முதல் ஒன்பது வரை நான்கு ரத வீதிகளிலும் கார் வேண்டாம். அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் விலக்கு. சரக்கு வண்டி காலையில் வரட்டும். நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி விடலாம். மற்றவர்கள் டவுன் நுழைவு வளைவான ஆர்ச் பக்கம் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான். காரை நிறுத்த இடம் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. அதை மாநகராட்சி முதலில் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

"வண்டி வரலைன்னா யாவாரம் படுத்துரும்" என்கிறார்கள் கடைக்காரர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை; அங்கே கூட்டம் குறைந்தா போயிற்று? நம் ஊரிலேயே ஆனித் தேரோட்டத்தன்று ஐந்து தேர்களும் ஆள் இழுத்துத்தான் இந்த வீதிகளைச் சுற்றி வருகின்றன. அன்றைக்கு எந்தக் காரும் உள்ளே வருவதில்லை, எந்தக் கடையும் ஈயோட்டுவதில்லை.

தினமும் முடியாவிட்டால் சனி, ஞாயிறு மட்டும் செய்து பார்க்கலாம். கூடாது என்பவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கைக்குழந்தையோடு தெற்கு ரத வீதியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்துவிட்டு வந்து கமெண்டில் சொல்லுங்கள், பேசுவோம்.