வரிசை போட்டது யார் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்

நேற்றிலிருந்து அந்தத் தொலைக்காட்சி விவாதத் துண்டை எனக்கு அனுப்பாதவர்கள் குறைவு. "அக்கா பார்த்தீங்களா", "மேடம் இதுக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும்" என்று வந்துகொண்டே இருக்கிறது. பார்த்தேன். 2021 கொரோனா தடுப்பூசியைப் பற்றி அதில் ஒருவர் பேசியது முழுவதையும் இங்கே எழுதப் போவதில்லை. "ஆரம்ப சுகாதார நிலையங்களில் திட்டமிடல் என்று ஒன்றுமே கிடையாது, மேலே செயலி இருந்ததால் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது" என்ற அந்த ஒரு பேச்சுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை என்பது இன்னும் வலித்தது.

நான் கிராம சுகாதார செவிலியர்களை மேற்பார்க்கும் பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 2021ல் பணியில் இருந்தேன். அதனால் ஒன்றை நேராகவே சொல்கிறேன். யாருக்கு முதலில் ஊசி, யாருக்கு அடுத்து, எந்தத் தெருவுக்கு எந்த நாளில் என்று வரிசை போட்டது கிராம சுகாதார செவிலியர்கள். கோவின் என்ற அந்தப் பதிவுச் செயலி போடவில்லை. அறையில் உட்கார்ந்து பேசியவர்களும் போடவில்லை.

மேலிருந்து ஒரு வரிசை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்கு ஆரம்பம், பிப்ரவரியில் முன்களப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களும் 45ஐத் தாண்டி வேறு நோய் இருப்பவர்களும், ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லோரும், மே 1 முதல் 18 தாண்டியவர்கள். சரி. அந்த வரிசையில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. அதில் 45 தாண்டியவர்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல் இருப்பார்கள். கையில் வருவதோ நூறு டோஸ், சில நாள் ஐம்பது, ஜூனிலும் ஜூலையிலும் பல நாள் ஒன்றுமே இல்லை. அந்த ஆயிரத்தில் எந்த நூறு பேர்? இந்தக் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. பதில் எங்கள் லாங் சைஸ் நோட்டில் இருந்தது.

அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தோம் என்று அவருக்குத் தெரியுமா? வயது, சர்க்கரை, பிரஷர் மட்டுமில்லை. நடந்து வர முடியுமா, கூட்டிவர ஆள் உண்டா, வீட்டில் போன் இருக்கிறதா, போன் இருந்தால் அது யார் கையில் இருக்கிறது, ஆதார் அட்டை கையில் இருக்கிறதா இல்லை அடகுக் கடையில் இருக்கிறதா, திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிள்ளைகள் திரும்பி வரப்போகிற வீடா, இத்தனையும் இருந்தது. பிள்ளைகள் திரும்பும் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு முதலில் போட வேண்டும் என்று எங்கள் பெண்கள் ஏப்ரல் மாதமே பேசி முடிவு செய்தார்கள். மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தபோது பஸ் பஸ்ஸாக ஊருக்குத் திரும்பினார்கள் இல்லையா, அதற்கு முன்னாலேயே. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று வேலை நடக்கும் இடத்துக்கே ஐஸ் பேக் வைத்த கேரியரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இது திட்டமிடல் இல்லை என்றால் வேறு எதைத் திட்டமிடல் என்கிறீர்கள்?

மருந்துக் குப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் திட்டு வாங்கித் தந்தது அதுதான். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரம். அதற்குள் போட்டு முடிக்கவில்லை என்றால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். சாயங்காலம் நாலு பேர் மட்டும் வந்து நிற்கும்போது புதுக் குப்பியைத் திறப்பதா வேண்டாமா? பந்திக்கு ஆள் சேராமல் இலை போட முடியாது என்பது போலத்தான் இது. திறந்தால் ஆறு டோஸ் வீணாகிறது என்று மேலே இருந்து கேட்பார்கள். திறக்காவிட்டால் வந்தவரைத் திருப்பி அனுப்பினாள் என்று கீழே இருந்து படம் எடுத்துப் போடுவார்கள். எங்கள் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று நோட்டைப் பார்த்துப் போன் போட்டு, அங்கன்வாடிப் பணியாளரை ஓடவிட்டு, பத்துப் பேரைச் சேர்த்து அப்புறம் திறந்தார்கள். கேரளத்தில் அந்த மே மாதம் வரை வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164 என்று அந்த மாநில முதல்வரே வெளியிட்டார், பிரதமரும் பாராட்டினார். வந்ததைவிட அதிகமாக எப்படிப் போட முடிந்தது? குப்பியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் மருந்தையும் சிந்தாமல் உறிஞ்சிப் பதினோராவது ஆளுக்குப் போட்ட செவிலியரின் கை அது. அந்தக் கைக்கு எந்தச் செயலியும் சொல்லித்தரவில்லை.

இப்போது செயலிக்கே வருகிறேன். 18 முதல் 44 வயதுக்காரர்கள் கோவினில் பதிந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று முதலில் வைத்தார்கள். நேரில் வந்து பதியலாம் என்று அரசு மையங்களுக்கு அனுமதி வந்தது மே 24ல். அதுவரை நகரத்துப் பிள்ளைகள் காரில் வந்து எங்கள் கிராமத்து ஸ்லாட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பயம்தான். ஆனால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? ஜூனில் மற்ற இந்திய மொழிகளைச் சேர்த்தபோது அந்தத் தளத்தில் தமிழ் விட்டுப்போய், சத்தம் போட்ட பிறகுதான் சேர்த்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டுச் செயலிதான் காப்பாற்றியது என்று ஒருவர் தொலைக்காட்சியில் சொல்கிறார், எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆராய்ந்த தேசியக் குழு சொன்னது, ஆனால் அந்த அறிக்கை வெளியே வந்தது அக்டோபரில். நடுவில் இருந்த மாதங்களை யார் சமாளித்தது? 17ஆம் தேதிக்குப் பிறகு பல ஊரில் முகாம் போட்டால் ஆளே இல்லை. ஒரு ஊரில் எங்களைத் தெருவுக்குள் நுழையவே விடவில்லை. "நல்லா இருக்கிற மனுசன சாகடிக்கவா வந்தீங்க" என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்த ஊர் வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியர், சின்னப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள் சொன்னாள், "மேடம், இங்க தலைவர் சொன்னா கேக்க மாட்டாங்க, மேலத்தெருவுல பிரசவம் பாத்த பாட்டி ஒண்ணு இருக்கு, அது போட்டுக்கிட்டா போதும்." நாள் தவறாமல் சாயங்காலம் அந்தப் பாட்டி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். ஊசியைப் பற்றி முதலில் பேசவே இல்லை. பாட்டியின் முழங்கால் வலியைப் பேசினாள், பேத்தியின் பிரசவத் தேதியைப் பேசினாள். பாட்டி ஒரு நாள் தானாகவே "சரி, போடு நர்சம்மா" என்று கையை நீட்டினாள். அப்புறம் அந்தத் தெரு வந்தது, அதற்குப் பின்னால் காலனியும் வந்தது. யார் உடம்புக்கு முதலில் தேவை என்பது ஒரு வரிசை என்றால், யார் போட்டுக்கொண்டால் நாலு பேர் வருவார்கள் என்பது இன்னொரு வரிசை. இரண்டையும் அந்தப் பெண் மனசில் வைத்திருந்தாள்.

உடனே கேட்பீர்கள், தெரியும். "கட்சிக்காரன் வீட்டுக்கும் தலைவர் சொந்தக்காரனுக்கும் முதலில் டோக்கன் போகவில்லையா?" போனது. பல இடத்தில் போனது. டோக்கன் கட்டையே வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரு துணை நிலையத்தில் தனியாக இருக்கும் பெண் அவர்களை எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா? நின்றவர்களும் இருந்தார்கள், நின்றதற்காக என்னென்ன பேச்சு வாங்கினார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. அதற்குக் கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு.

"உங்கள் இஷ்டத்துக்கு வரிசை போட்டால் அது பாரபட்சம் இல்லையா, விதி என்று ஒன்று எதற்கு" என்று ஒரு தம்பி நேற்றே கேட்டிருந்தார். தம்பி, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒருவர், வயது 38, இரண்டு சிறுநீரகமும் போய் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் பஸ் ஏறிப் போகிறவர். மார்ச் மாதம் வந்து கேட்டார். விதிப்படி நோய் இருந்தாலும் 45 ஆகியிருக்க வேண்டும். அவருக்கு ஆகவில்லை. 46 வயதில் கல்லு மாதிரி இருக்கிறவர்களுக்கு ஏப்ரலில் போட்டோம், இவரை மே வரைக்கும் காத்திருக்கச் சொன்னோம். அவர் திட்டவில்லை, "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "சரிங்கம்மா" இன்னும் காதில் இருக்கிறது. எங்களைக் கேட்டிருந்தால் அவர் பெயரை முதல் பக்கத்தில் எழுதியிருப்போம். அவர் பிழைத்துக்கொண்டார், இன்றும் இருக்கிறார், அது கடவுள் புண்ணியம். விதியைப் போட்டவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது டோஸ் கதை தனி. கோவிஷீல்டுக்கு இடைவெளி முதலில் நாலிலிருந்து ஆறு வாரம், மார்ச்சில் ஆறிலிருந்து எட்டு, மே 13ல் பன்னிரண்டிலிருந்து பதினாறு. காரணம் இருக்கலாம், ஆராய்ச்சி இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அத்தனை பெயருக்கும் தேதியை அடித்துத் திருத்தி, வீடு வீடாகப் போய் "இப்ப வராதீங்க" என்று சொன்னது யார்? "மருந்து இல்லாததால் கதை விடுறீங்க" என்று திட்டு வாங்கியது யார்?

தமிழ்நாடு முழுக்க நடந்த மெகா தடுப்பூசி முகாமைச் சொல்வார்கள். செப்டம்பர் 12, 40,000 இடங்கள், 20 லட்சம் இலக்கு, போட்டது 28.91 லட்சம். பெருமைதான், எனக்கும் பெருமைதான், அன்றைக்கு நானும் இருந்தேன். அக்டோபரில் அந்த முகாமை ஞாயிற்றிலிருந்து சனிக்கு மாற்றினார்கள், ஞாயிறு கறியும் மதுவும் எடுக்கிறவர்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று அமைச்சரே காரணம் சொன்னார். இது எந்தச் செயலியிலும் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டுக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது தெருத்தெருவாக நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அதேபோல, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போடலாம் என்று மத்திய அரசு அறிவித்தது செப்டம்பர் கடைசியில். எங்களிடம் அந்தப் பட்டியல் முன்னாலேயே இருந்தது, மாதக்கணக்கில் அனுமதிக்காகக் காத்துக்கொண்டு இருந்தது.

இதெல்லாம் நடக்கும்போது புதன்கிழமை குழந்தைகள் ஊசி நிற்கவில்லை. கர்ப்பிணிப் பதிவு நிற்கவில்லை. ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே போனது, நல்ல திட்டம், ஆனால் அந்த வேலைக்கும் பெயர்ப் பட்டியல் எங்கள் நோட்டிலிருந்துதான் போனது. ராத்திரி வீட்டுக்கு வந்து கோவினில் ஏறாத பெயர்களை ஏற்றிக்கொண்டே சாப்பிடாமல் தூங்கிப்போன பெண்கள் எனக்குத் தெரியும். தன் குழந்தையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தவள் தெரியும். காய்ச்சலோடு முகாமுக்கு வந்தவளை நான்தான் திட்டித் திருப்பி அனுப்பினேன். யாரும் மாலை போடச் சொல்லவில்லை. திட்டமே இல்லாமல் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். மனசு தாங்கவில்லை.

ஒரு பெண் இரண்டு துணை நிலையத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த தொற்று வந்தால் அந்த இரண்டு ஊருக்கும் வரிசை போட யார் இருப்பார்கள் என்று அந்த நிகழ்ச்சியில் ஒருவராவது கேட்டிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்தவர்கள், வேறு மாவட்டத்தில் இருந்தவர்கள், உங்களில் யாரிடமாவது அந்த 2021 நோட்டு இன்னும் இருந்தால் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். அந்த நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு நானே அனுப்பிவைக்கிறேன்.